ரெண்டு தட்டு என்றால் நில்

என் கையெழுத்து கோணல். ஐந்தாவதோடு நின்றவன் நான். எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, பிழை இருக்கும் இடத்தில் தாங்களே சரியாகப் படித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு எழாது. நெய்த சேலையைக் கடையில் கொடுக்கப் போனால்கூட முதலாளி கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறவன் நான்.

என் மகளைப் பற்றியும் அவள் போனில் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றியும் எழுத நினைத்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்கத் தறி. மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. காது கேளாதவர்களுக்கான பள்ளியில் பத்தாவது வரை படித்தாள். அதாவது என்னைப்போல் இரண்டு மடங்கு. படிப்பு முடிந்ததும் தறியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கரையை வேறு நிறத்தில் நெய்து உடலோடு கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா, அதாவது ஊடை நூலை இழுத்துப் போகும் கட்டை, ஓட வேண்டும். இரண்டை நெய்கிறவன் பார்த்துக்கொள்வான். வலப்பக்கக் கரையின் நாடாவைத் திருப்பி வீச இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். தறி ஓடும்போது காது உள்ளவர்களுக்கே பேச்சு சரியாகக் கேட்காது. அதனால் நாங்கள் உட்காரும் பலகையில் தட்டிப் பேசிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் வீசு. இரண்டு தட்டு என்றால் நில், இழை அறுந்துவிட்டது. மூன்று தட்டினால் டீ. அந்த அதிர்வு அவளுக்கு உடம்பில் தெரிந்துவிடும். மூன்று தட்டைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அதிகமாகத் தட்டுகிறவளும் அவள்தான்.

விளையாட்டைக் கொண்டுவந்தவன் என் அக்கா மகன். அக்காவைத் தென்னேரியில் கட்டிக்கொடுத்தோம். அவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான், லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வருவான். ஒருநாள் அவள் போனை வாங்கி எதையோ ஏற்றிக் கொடுத்தான்.

"மாமா, இதுல மைக்கே கிடையாது. எவனும் எவன்கிட்டயும் பேச முடியாது. நம்ம பாப்பாவுக்குன்னே பண்ண மாதிரி இருக்குது."

"ஏன் மைக் வைக்கல?" என்றேன்.

"காசு இல்லாத கம்பெனி மாமா. நாலு பசங்க ஒரு ரூம் எடுத்துக்கினு பண்ணியிருப்பானுங்க."

வெள்ளம் போகும் ஓர் ஆறு. முன்பின் தெரியாத நான்கு பேர், நான்கு ஊரிலிருந்து, ஒரே பரிசலில் ஏறி மூட்டைகளை அக்கரை சேர்க்க வேண்டும். அதே ஆற்றில் வேறு பரிசல்களும் வரும், முட்டித் தள்ளும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிறத்தில் விளக்கு. அதை அணைக்கலாம், ஏற்றலாம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அதைவிட்டால் வேறு வழியில்லை.

அவளுக்கு மஞ்சள் விளக்கு. கொஞ்ச நாளிலேயே பச்சை, வெள்ளை, நீலம் என்று மூன்று பேர் அவளோடு நிலையாகச் சேர்ந்துவிட்டார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எண்ணும் எழுத்துமாக இருக்கும். அதனால் அவளே சைகையில் பெயர் வைத்தாள். பச்சை எப்போதும் தாமதமாகத் துடுப்பு போடும், அதற்கு வாயைப் பிளந்து கையால் மூடிக் காட்டுவாள்: கொட்டாவி. வெள்ளை அவசரம். நீலம், இவள் தண்ணீரில் விழுந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவளை இழுக்கும். அதற்கு நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் விரலை வைப்பாள்: அக்கா.

தறித் தட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். விளக்கில் ஒரு மின்னல் என்றால் துடுப்பு போடு. இரண்டு என்றால் நில். பாறை இருப்பதை முதலில் பார்க்கிறவள் அவள்தான். காது கேட்காததால் கண் எல்லாப் பக்கமும் இருக்கும். அவள் இரண்டு முறை விளக்கை அணைத்து ஏற்றினால் மற்ற மூன்று பேரும் அப்படியே நிற்பார்கள். மூன்று மின்னல் போட்டு நால்வரும் நடு ஆற்றில் சும்மா உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். பின்னால் வந்த பரிசல் ஒன்று முட்டக்கூட மறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள். பள்ளி விட்ட பிறகு அவளுக்கு வீட்டுக்கு வெளியே மனிதர்கள் என்று இருந்தது அந்த மூன்று விளக்குகள்தான்.

அப்புறம் அந்தக் கம்பெனி ஆடுகிறவர்களிடம் கருத்து கேட்டது. ஊரெல்லாம் ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருக்கிறது. டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கோயில் குளத்துப் படி, எங்கே பார்த்தாலும் பையன்கள் அதில்தான் குனிந்திருப்பார்கள். எல்லோரும் அதைப் 'பெரிய கேம்' என்றே சொல்வார்கள். நம்முடையதையும் அதைப்போல மாற்றலாமா என்பது கேள்வி. அக்கா மகன் மாற்றலாம் என்று போட்டுவிட்டு வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே வாதாடினான்.

"ஜனமெல்லாம் அங்கதான் இருக்குது மாமா. இவனுங்க இன்னும் பரிசலு, மூட்டன்னு பிடிச்சிக்கினு இருந்தா கடைய மூட வேண்டியதுதான். துப்பாக்கி வரணும், மைக் வரணும், பிளேன்ல இருந்து குதிக்கணும். அப்பதான் நாலு பேர் வருவான்."

"ஏம்பா, ஆத்துல இறங்கறதுக்கு எதுக்கு பிளேனு?" என்றாள் என் மனைவி. "கரையில இருந்து இறங்குனா தண்ணி கோச்சுக்குமா?"

"அத்த, நீ ரசத்த ஊத்து."

"ஊத்தறேன். அதையும் மேல இருந்து குதிச்சு ஊத்தட்டுமா?"

சிரித்தோம். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கடை முதலாளி போனில் பக்கத்துக் கடைச் சேலையின் படத்தைக் காட்டி, "இதுதான் ஓடுது, இதையே போடு" என்பார். போடுவேன். அடுத்த சேலையும் அதுவே. தெருவில் எல்லாத் தறியிலும் அதுவே ஓடும். அப்படித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. ஓடுவதைப் பார்த்து நெய்கிற நான், ஓடுவதைப் பார்த்து விளையாட்டு செய்கிறவனை என்ன சொல்ல?

மகள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று கேட்டாள். அவன் துப்பாக்கியும் மைக்கும் கையால் காட்டினான். விளக்கு இருக்குமா என்று கேட்டாள். உதட்டைப் பிதுக்கினான். அன்றைக்கே அவள் கம்பெனிக்கு எழுதினாள், விளக்கை எடுத்துவிட வேண்டாம் என்று. உங்கள் கருத்துக்கு நன்றி என்று நொடியில் பதில் வந்தது. அவ்வளவு வேகமாக ஒரு மனிதன் படித்திருக்க முடியாது.

மாற்றினார்கள். ஆறு அப்படியே இருந்தது, ஆனால் வற்றிப்போய்க் கரையெல்லாம் கட்டடம். பரிசல் இல்லை. விளக்கு இருந்த கையில் துப்பாக்கி. கூட்டாளிகள் மைக்கில் பேசிக்கொள்ள வேண்டும். பேசாத ஆளை மற்றவர்கள் ஓட்டு போட்டு வெளியேற்றலாம், மூன்று பேரில் இரண்டு பேர் சம்மதித்தால் போதும். இதுவும் பெரிய கேமில் உள்ளதுதானாம். விளக்கு நிறங்கள் போய் எல்லோருக்கும் ஒரே காக்கிச் சட்டை. பழைய எண்ணும் எழுத்தும் மட்டும் மாறவில்லை. அதை வைத்துத்தான் அந்த மூன்று பேரையும் அவள் கண்டுபிடித்து மறுபடி சேர்ந்தாள். அவர்களுக்கும் தன்னைத் தெரிந்திருக்கும் என்று நம்பினாள்.

அவளுக்கு வாயும் காதும் இல்லை என்பதால் அக்கா மகன் ஒரு வழி சொன்னான். காதில் மாட்டும் மைக்கை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டான்.

"மாமா, அவங்க பேசறத நீங்க கேட்டு இவளுக்குக் கையில காட்டுங்க. இவ காட்டறத நீங்க வாயில சொல்லுங்க. அவ்ளோதான்."

"நானா?"

"பின்ன, அத்தையா? அவங்க பேசுனா கேம்ல எல்லாரும் சரண்டர் ஆயிடுவான்."

ஊர் பேர் தெரியாத பிள்ளைகளிடம் நான் பேச வேண்டும். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் தொண்டையைச் செருமி, "வணக்கம் தம்பிங்களா" என்றேன்.

காதுக்குள் சிரிப்பு வெடித்தது. "டேய், எவனோ பெருசு வந்துக்கிறாருடா!" "ஐயா, ரேஷன் கட பக்கத்து தெரு!"

என்ன சொன்னார்கள் என்று மகள் கேட்டாள். வணக்கம் சொன்னார்கள் என்று காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

சில நாள் அப்படி ஓட்டினோம். ஆடுகிறது என் மகள், வாய் பேசாத பிள்ளை என்றும் ஒருநாள் தட்டுத்தடுமாறிச் சொல்லிவைத்தேன். என்னால் முடியவில்லை. ஒரு குரல் "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று கத்தும். அதை நான் புரிந்துகொண்டு கையில் காட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவள் ஏதாவது பார்த்துக் காட்டினால், நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று குரலும் என் மேல் ஏறும். தறியில் நானும் அவளும் ஒரு தட்டில் முடித்த காரியம், என் வாய் வழியாகப் போனால் பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. கடை முதலாளி காட்டிய படத்தைப் பார்த்து நெய்தால் சேலையில் பூ மாறும், கரை மாறும், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பிவிட மாட்டேன். இவர்கள் பெரிய கேமைப் பார்த்துப் பார்த்து, தங்களிடம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டார்கள்.

கடைசியாக ஆடியது ஒரு மாலை நேரம், தறியை நிறுத்திய பிறகு. பழைய நால்வரும் இருந்தார்கள். ஒரு சந்தில் முன்னால் மூன்று பேர், பின்னால் இவள். சுவருக்குப் பின்னால் ஆட்கள் பதுங்கியிருப்பதை இவள் பார்த்துவிட்டாள். என்னிடம் காட்டினாள். "தம்பி, இருங்க, அங்க" என்று நான் தடுமாறினேன். யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் விளக்கு இல்லை, துப்பாக்கிதான் இருந்தது. அதை வானத்தைப் பார்த்துத் தூக்கி இரண்டு முறை சுட்டாள்.

நில் என்று சொன்னாள். வேறொன்றும் இல்லை.

காக்கிச் சட்டை மூன்றில் ஒன்று அப்படியே நின்றது. யாருக்கோ புரிந்திருக்கிறது. நின்ற இடம் வெட்டவெளி. சுட்ட சத்தத்தில் பதுங்கியிருந்தவர்களுக்கு இடம் தெரிந்துவிட்டது. நின்றவர்தான் முதலில் விழுந்தார். அப்புறம் மற்ற இருவர்.

மகள் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். என் காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது:

"இன்னாடா இது, சும்மா சுட்டுக்கினு. அந்த ஊமைய தூக்குங்கபா முதல்ல. ஓட்டு போடு, ஓட்டு போடு."

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுகிறவரின் பெயர் பக்கத்தில் திரையில் ஒரு சின்னக் குறி மின்னுமாம். இருவருமே அதைப் பார்க்கவில்லை. உன்னை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள் என்று காட்டினேன். ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தபோது திரையில் முதல் பக்கம்தான் இருந்தது. ஓட்டு விழுந்துவிட்டது.

அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: யார்? கொட்டாவியா, அவசரமா, அக்காவா?

எனக்கு எப்படித் தெரியும்? குரலுக்கு நிறம் உண்டா? காதில் கேட்ட மூன்று குரல்களில் எது பச்சை, எது நீலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கி மறுபடி கேட்டாள். தெரியாது என்று மட்டும் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவர்களோடு சேர அவள் முயலவில்லை. முயன்றிருந்தாலும் நேரம் இருந்திருக்காது. வரும் என்று சொன்ன கூட்டம் வரவில்லை, இருந்தவர்களும் போனார்கள். அக்கா மகனே போய்விட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரிஜினலே ஃப்ரீயா இருக்குது மாமா, டூப்ளிகேட்ட எவன் ஆடுவான்?" என்றான். மாற்றச் சொல்லி ஓட்டு போட்டது அவனுக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. ஒருநாள் அவள் திறந்து பார்த்தபோது விளையாட்டு திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அந்த மூன்று பேருடைய ஊர், பெயர், போன் நம்பர் எதுவும் எங்களிடம் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்த நாட்களில் யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் அவள் மறுபடி கேட்டாள். அந்தக் குரல் எப்படி இருந்தது, நினைவிருப்பதை எல்லாம் சொல் என்றாள். சொன்னேன். ஆண் குரல். இளவயது. எதையோ மென்றுகொண்டே பேசியது. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

ஆண் என்றால் அக்கா இல்லை என்று நான் கையைக் காட்டி முடித்துவிடப் பார்த்தேன். அவள் தலையசைத்து மறுத்தாள். அக்கா என்று பெயர் வைத்தது நான்தானே, அது ஆணாகவும் இருக்கலாம் என்றாள். இரண்டு பேர் ஓட்டு போட்டிருந்தால் போதும், அப்படியானால் ஒருவர் போடாமல் இருந்திருக்கலாம், சுட்டதும் நின்ற அந்த ஆள், என்று நான் மெதுவாக எடுத்துக் காட்டினேன். அவளுக்கு அது முன்பே தெரியும். அந்த ஒருவர் யார் என்று தினமும் யோசித்து யோசித்துக் கை வேலையில் நிற்பதில்லை, நாடா தவறுகிறது, அதனால் மூன்று பேருமே போட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன் என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து விளக்கைப் போடப் போனாள்.

ஐப்பசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.