கமலாவதி கட்டிய வேப்பிலை

"தண்ணி மணக்குது மாமி, குடிக்கேலாது."

உடுப்பிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலாவதி வேலிக்கு மேலால் தினமும் சொன்னது இதுதான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் என்ன மணம்? வாந்திபேதி பரவியதால் கல்லூரியை மூடி, விடுதிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தன் அறைச் சிநேகிதியை ஆசுப்பத்திரிக்கு ஏற்றியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் இவள்.

பிறகு வேலிப்பக்கமும் வரவில்லை. வாசல் படலையில் வேப்பிலை தொங்கியது. அம்மாள் வருத்தமாக்கும், அம்மை கண்ட வீடாக்கும் என்று ஒருவரும் போகவில்லை. ஒன்றரை மாதமாகியும் இலை வாடவே இல்லை. அம்மாள் எந்த வீட்டில் இவ்வளவு நாள் தங்குவாள்? படலையைத் தள்ளிக்கொண்டு போனேன்.

கிணற்றடியில் இருந்தாள். மடியில் புத்தகம், கண் எங்கேயோ.

"ஆருக்கடி அம்மாள்?"

"ஒருத்தருக்கும் இல்லை மாமி. ஆக்கள் வரக்கூடாதெண்டு நான்தான் கட்டினனான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் தண்ணியிலை மிதந்து போகுது. அக்கரையிலை என்ரை அறைச் சிநேகிதி நிண்டு கூப்பிடுறாள். உயிரோடை இருந்தால் கடிதம் போட்டிருப்பாள்தானே?"

"விசரி! வேப்பிலை கட்டின வீட்டுக்குத் தபால்காரன் வருவானே?"

நானே தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டேன், மூன்று கடிதங்கள் கிடந்தன. மூன்றும் அந்தச் சிநேகிதி எழுதியவை. கொண்டுவந்து கொடுத்தேன். கமலாவதி வாசித்துவிட்டு, கனவில் குடிப்பவள்போல ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

வருகிற மாதம் சோதினை. கடிதம் வந்தும் பயம் விடவில்லை; பரீட்சை எழுதப் போகமாட்டேன் என்கிறாள், வேப்பிலையையும் அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கம் வந்தால் அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்தப் பிள்ளையோடு கொஞ்சம் கதையுங்கள்.