முருகேசன் இரண்டு முறை அனுப்பிய மொய்

மகள் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் முடிந்த மறுவாரம், வங்கி வரவுகளைக் கணினியில் இறக்கி, மொய் நோட்டைப் பார்த்து நான் பதிந்திருந்த கணக்கோடு பொருத்த உட்கார்ந்தேன். மூன்று நாளாக ஒரு 5,001 ரூபாய் இடித்துக்கொண்டே இருந்தது. நண்பர் முருகேசனின் மொய் வங்கிக்கு வரவில்லை என்றே மென்பொருள் சாதித்தது. எரிச்சலில், யாரிடமும் கேட்கக்கூடாததைத் திருவெறும்பூரில் இருக்கும் அவருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.

“மொய் அனுப்புனீங்களா? கணக்குல காணோமே.”

“வரலையாங்க? அடடா, இருங்க,” என்றார் முருகேசன். பேச்சு முடிவதற்குள் பணம் வந்துவிட்டது.

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “எங்க அண்ணன் கவர்லதானே குடுத்தாரு? அதை ஏன் பேங்க்ல போட்டு வெச்சிருக்கீங்க?”

மைத்துனர் ரொக்கமாகத் தந்த 5,001 ரூபாயை வங்கி வரவாகப் பதிந்தது நான்தான். முருகேசன் முன்பே அனுப்பியிருந்த அதே தொகையை மென்பொருள் அந்தப் பதிவோடு பொருத்திவிட, முருகேசன் பெயர் மட்டும் ஜோடியில்லாமல் நின்றிருந்தது.

மறுபடி அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னேன்.

“மொய்ய யாராவது திருப்பி வாங்குவாங்களா? பேரன் பொறந்தா மோதிரம் வாங்கிப் போடுங்க. ஆனா இன்னொரு தடவை கணக்குப் பாக்காதீங்க, எனக்குக் கட்டுப்படியாகாது!” என்று சிரித்தார்.

முதலில் அனுப்பியதற்கான சான்று அவர் போனிலேயே இருந்திருக்கும். அதைக் காட்டி என் வாயை அடைத்திருக்கலாம். அவர் தேடிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.