ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கல்

சித்தியின் மாடுகள் புல்லை மட்டுமே தின்கின்றன என்பதை உலகுக்கு அறிவித்தது நான்தான். அதுவரை அது ஒரு செய்தி என்றே சித்திக்குத் தெரியாது. "மாடு புல்லத் திங்காம பின்ன ரொட்டி சானாயா திங்கும்?" என்று கேட்டார்.

கோலாலம்பூருக்கு வடக்கே கெர்லிங்கில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயத்து வீட்டில் சித்தி இருக்கிறார். மொத்தம் ஏழு மாடுகள். செம்பனை நிழலில் முளைக்கும் புல்லை அவை மேய்ந்துகொள்ளும். தோட்டத்துக்குக் களை எடுக்கும் வேலை மிச்சம் என்பதால் நிர்வாகம் கண்டுகொள்வதில்லை. எந்தப் பக்கம் களைக்கொல்லி அடிக்கப் போகிறார்கள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார். சித்தி மாடுகளை மறுபக்கம் ஓட்டிவிடுவார். இதையேதான் நான் பார்த்த வெளிநாட்டு வீடியோவில் தாடி வைத்த ஒருவர் 'சுழற்சி மேய்ச்சல்' என்று நாற்பது நிமிடம் கண் கலங்க விளக்கினார்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ரவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. அதாவது, பிஸ்கட் வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பட்டம் இல்லாதவர்கள் கண்ணுக்கு வட்டம் தெரியாதாம். இப்படியே போனால் நானும் வட்டமாகிவிடுவேன் என்று பயந்துதான் சீஸ் செய்ய ஆரம்பித்தேன்.

சனி, ஞாயிறுகளில் சித்தியின் பின்கட்டு என் ஆலை. பாலைச் சூடாக்கி, உறைய வைக்கும் நொதியைக் கலந்து, தயிர்க்கட்டி மாதிரி இறுகியதும் கத்தியால் கீறி, துணியில் வடித்து, மேலே பாரம் வைத்து, உப்புநீரில் ஊறப் போட வேண்டும். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியும் உண்டு என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் நானே உறைந்துபோனேன். அன்றிலிருந்து பூஞ்சையிலிருந்து எடுப்பதைத்தான் வாங்குகிறேன். டப்பாவைச் சித்தி கண்ணெதிரே பிரிக்க வேண்டும்.

முதல் ஆறு கட்டிகளைக் குடும்பமே சேர்ந்து தீர்த்தது. "இது பன்னீர்தானே?" என்றார் அப்பா. "பன்னீர்னா மெதுவா இருக்குமே," என்றார் அம்மா. ஏழாவது நன்றாக வந்தது. கோலாலம்பூரில் ஒரு கஃபேக்காரி அதைச் சுவைத்துவிட்டு, தட்டில் செம்பனை நிழலே தெரிகிறது என்றாள். எனக்கு உப்புதான் தெரிந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் நான்கு கட்டி கேட்டாள்.

அந்த நான்கு கட்டிக்கும் பால் தந்தது பெரும்பாலும் செவலைதான். சித்தி விற்கும் பாலில் பாதி அவளுடையது. சித்தப்பா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவளால்தான் என்று சித்தி வெளிப்படையாகவே சொல்வார். செவலைக்கும் அது தெரியும். நடையிலேயே தெரியும்.

கஃபேக்காரியின் வாடிக்கையாளர்களைக் கவர, இன்ஸ்டாகிராமில் செவலையின் படத்தைப் போட்டு எழுதினேன்: 'எங்கள் மாடுகளை வந்து பாருங்கள். உங்கள் கையாலேயே ஊட்டலாம்.' நான் நினைத்தது, கறுப்புக் கண்ணாடி போட்ட கோலாலம்பூர் ஆட்கள் ஆளுக்கொரு பிடி புல்லை நீட்டிப் படமெடுத்துக்கொள்வார்கள் என்று. நான் பார்க்காமல் விட்டது நாட்காட்டியை. அந்த ஞாயிறு ஆடி அமாவாசை.

கோலாலம்பூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ரவாங்கிலிருந்தும் உலு யாமிலிருந்தும் பதினோரு கார்கள் வந்தன. அகத்திக்கீரை, வாழைப்பழம், வெல்லம். முன்னோர்களுக்குக் கடன் தீர்க்க வந்தவர்கள். சித்தி மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றப் போயிருந்தார். பொறுப்பாளர் நான். பொறுப்பாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்த ஆண்ட்டி சித்தியிடம் பல வருடமாகப் பால் வாங்குபவர். காரின் பின்கதவைத் திறந்து, மகனோடு சேர்ந்து ஓர் அண்டாவை இறக்கினார். நெய் மணம் தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போயிருக்கும்.

"ஆண்ட்டி, இவ்ளோவா?"

"மகளுக்கு இண்டர்வியூ இருக்கும்மா. ஒரு அண்டா போடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"இல்ல ஆண்ட்டி, இது புல்லு மட்டும்தான்..."

"ஐயோ பாவம், அமாவாசையிலயும் வெறும் புல்லா? விடும்மா, வாயில்லா ஜீவன், ஆசையா சாப்பிடுது பாரு!"

ஆசையாகத்தான் சாப்பிட்டாள். மற்ற மாடுகளைக் கொம்பால் தள்ளிவிட்டு, அண்டாவுக்குள் தலையைவிட்டு, முந்திரி, திராட்சை உட்பட. நான் அதைப் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை, எதிரிலிருந்து ஒருமுறை எடுத்தேன். ஒளி நன்றாக இருந்தது. பாலைப் பற்றி நான்கு வருடம் படித்தவள் நான். பால் வரும் வயிற்றைப் பற்றி ஒரு பாடம்கூட இல்லை.

சித்தி திரும்பி வந்ததும் அண்டாவைத்தான் முதலில் பார்த்தார்.

"யாரு தின்னா?"

"செவலை."

"எல்லாத்தையுமா?"

சித்தி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் ஓடினார்.

மதியத்துக்குள் செவலையின் இடப்பக்கம் உப்பிவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுப் பல்லை நறநறவென்று கடித்தாள். சாணம் தண்ணீராகப் போனது, புளித்த மாவு வாடையோடு. புல்லைக் கொண்டுபோய் மூக்கில் இடித்தாலும் திரும்பவில்லை. கோலகுபுவிலிருந்து மாட்டு டாக்டர் வர நான்கு மணியாயிற்று. என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.

"என்ன குடுத்தீங்க?"

"சக்கரப் பொங்கல்."

"எவ்ளோ?"

"ஒரு அண்டா."

அவர் கையுறையை மாட்டுவதை நிறுத்தினார். "உங்களுக்கு யாராச்சும் ஒரு அண்டா புல்லு குடுத்தா திம்பீங்களா?"

வயிற்றுக்குள் சோறு புளித்து அமிலமாகிவிட்டதாம். குழாய் விட்டு உள்ளே இருந்ததை முடிந்தவரை வெளியே எடுத்தார், ஆப்ப சோடா கரைத்து ஊற்றினார், ஊசி போட்டார். சித்தி செவலையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வேலை வாளி பிடிப்பது. வேறு எதற்கும் என்னை நம்பவில்லை.

"படுக்க விடாதீங்க, நடக்க வைங்க," என்றார் டாக்டர். "காலையில அசை போட்டுச்சுன்னா பொழச்சிக்கும். போடலன்னா எனக்கு போன் பண்ணுங்க. ஆனா அதுக்கப்புறம் நான் வந்து பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. பால ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க, கீழ ஊத்திருங்க."

சித்தி தலையாட்டினார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

கஃபேக்காரிக்குப் போன் செய்து இந்த வாரம் சீஸ் கிடையாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"ஓ மை காட், பாவம்லா!" என்றாள். "ஆனா போன வாரத்து ஸ்டாக் இருக்குல்ல? அது பொங்கலுக்கு முன்னாடிதானே? புல்லு மட்டும் தின்ன மாடு, கிராஸ்ஃபெட்னு போட்டுக்கலாம்ல?"

போட்டுக்கலாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவளுக்கு மாடு என்பது ஒரு லேபிள். காலை வரைக்கும் எனக்கும் அப்படித்தான்.

தொழிற்சாலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். சித்தியும் நானும் முறை வைத்துச் செவலையைக் கொட்டகையைச் சுற்றி நடத்தினோம். நான்காவது சுற்றில் என் காலை மிதித்தாள். நியாயமான மிதி.

விடிந்ததும் சித்தி வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் செவலையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன். ஒரு மாட்டின் தாடையை அத்தனை நேரம் நான் பார்த்ததில்லை. ஏழரை மணிக்குத் தோட்டத்து லோரி செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போனது. எட்டு மணிக்குச் செவலை ஓர் ஏப்பம் விட்டாள். தொண்டையில் ஏதோ உருண்டு மேலே ஏறியது. தாடை இடப்பக்கம் போனது, நின்றது, வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம்.

"அசை போடுறா," என்றார் சித்தி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் செம்பனைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது சித்தியின் போன் அடித்தது. அண்டா ஆண்ட்டி. மகள் இப்போதுதான் இண்டர்வியூவுக்குக் கிளம்பியிருக்கிறாளாம். வேலை கிடைத்தால் அடுத்த அமாவாசைக்கு இரண்டு அண்டா. குரல் எனக்கே கேட்டது.

"குடுங்க சித்தி, நான் பேசுறேன்," என்றேன். நாக்கில் நல்ல நல்ல வாசகங்களாக வந்து நின்றன.

சித்தி தரவில்லை. அந்த ஆண்ட்டியின் தெருவில் ஆறு வீடுகள் அவர் சொல்லித்தான் சித்தியிடம் பால் வாங்குகின்றன. "ரொம்ப சந்தோசம்மா," என்றார். "பாப்பாவுக்குக் கண்டிப்பா கெடைக்கும். மாடுதான் நேத்திலேருந்து சாவக் கெடந்துச்சு. இப்பத்தான் அசை போடுது. ஆமாம்மா, பொங்கல்தான். இல்ல இல்ல, நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? அழாதீங்க. அடுத்த வாட்டி வெறுங்கையோட வாங்க, வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க, போதும். அதுக்கே புண்ணியம் நெறைய வரும்."

போனை வைத்துவிட்டு அந்த ஆண்ட்டியைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. என்னைப் பற்றி இன்னொன்று சொன்னார். அதையும்தான்.

பிறகு செவலையின் பாலைக் கறந்து வாய்க்காலில் ஊற்றிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போனார். என்னை வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. இன்னோர் அரிவாள் கூரையில் செருகியிருந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.