அமுக்கமானியில் ஒட்டிய பிள்ளையார்

மார்ச் ஒன்பது, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழும்பி, கிணற்றில் குளித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டு, ஏழு மணிக்குத் துறைமுகப் பக்கத்திலிருந்த அத்தானின் கொட்டிலுக்குப் போனேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படிச் சாதாரணமாகத்தான் தொடங்குகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். பழைய ஜப்பான் கார் ஒன்றின் சுழல் எஞ்சினைப் பொருத்தி, ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய சிறு விமானத்தை ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அளவுகளைக் குறிப்பது என் பொறுப்பு. எஞ்சினைக் குளிரவைக்கும் நீர் சூடேறும்போது, மூடிய குழாய்களுக்குள் அமுக்கம் ஏறி நிற்க வேண்டும். நின்றால்தான் நீர் கொதிக்காது. அமுக்கமானியில் பதினான்கில் நிற்க வேண்டிய முள் மூன்று நாளாக ஐந்துக்கு விழுந்துகொண்டிருந்தது. எங்கோ கசிகிறது என்று மூன்று நாளும் சொன்னேன். மானிதான் பிழை என்றார் அத்தான்.

அன்று விமானத்தைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் இருவர் வர இருந்தார்கள். அவர்கள் சரியென்றால் அடுத்த கிழமை அத்தான் துறைமுகத்துக்கு மேலே பறப்பார். நான் போனபோது அமுக்கமானியின் முகத்தில், வட்டமாக வெட்டிய பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது.

"வாற ஆக்களுக்கு முன்னால முள்ளு ஆடினா என்ன நினைப்பினம், மச்சான்? வெப்பமானி இருக்குத்தானே."

"தண்ணி இறங்கினா வெப்பமானி வெறும் ஆவிக்குள்ள நிண்டு பொய் சொல்லும், அத்தான்."

"நீ எழுதிறதை மட்டும் எழுது."

எழுதினேன். அமுக்கத்துக்கான நிரலில் 'மறைக்கப்பட்டது' என்று.

அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, பதினோராவது நிமிடத்தில் எஞ்சின் இறுகி நின்றது. வெப்பமானி அப்போதும் எண்பத்தைந்தில் அமைதியாக இருந்தது. ரேடியேற்றருக்குக் கீழே மணல் சேறாகிக் கிடந்தது. இது கடலுக்கு மேலே நடந்திருந்தால் என்ற நினைப்பில், பார்க்க வந்திருந்த அக்கா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். அத்தானோ கைகூப்பி, "நிலத்திலயே நிப்பாட்டிப் பிள்ளையார் காப்பாத்திப் போட்டார்" என்றார்.

இன்றும் கலியாண வீடுகளில் அத்தான் சொல்வது அதே கதைதான். கேட்பவர்கள் கும்பிடுகிறார்கள். எனக்குக் கை எழவில்லை. மறைக்கவும் தெய்வம், தப்பவும் தெய்வம் என்றால், மூன்று நாளாக நான் சொன்னது எங்கே போயிற்று? பிள்ளையாரை அந்தக் கண்ணாடியில் ஒட்டியது மனிதக் கை.

அன்று பின்னேரமே அத்தான் இன்னொரு எஞ்சினுக்குத் தொலைபேசியில் விலை கேட்கத் தொடங்கினார். அக்கா என்னை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, இந்த மனுசன் இதில ஏறாமச் செய்ய ஏலுமா?"

"ஓம்" என்றேன்.

ஞாயிறு காலை ஆறு ஐந்துக்கு, தேத்தண்ணி குடிக்கவும் முன், அக்கா ஒரு பக்கம் பிடிக்க, ஆறு போல்ட்டுகளையும் கழற்றி விமானத்தின் காற்றாடியை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.