மூக்கைத் தூக்கிய படகு

என் கணவர் படகு வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் நம்பினேன். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்துக்குப் படகு எதற்கு என்று கொழுந்தனார் சிரித்தார். ஆனால் இவர் வளைகுடா நாட்டில் பல வருடம் படகில் வேலை பார்த்தவர். சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் முக்குளிக்கக் கூட்டிப்போகும் படகில் எஞ்சின் பார்த்தார், முக்குளிப்பவர்கள் மூச்சுக்காக முதுகில் கட்டிக்கொள்ளும் காற்று உருளைகளை நிரப்பிக் கொடுத்தார். ஊருக்கே திரும்பி வயலைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் மனசு பாதி அங்கேதான் கிடந்தது. வரப்பில் நிற்கும்போதுகூடக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்.

எனக்குத் தண்ணீர் என்றால் முழங்கால் வரைதான். நடவு வயலில் நிற்கும் தண்ணீர், அடியில் சேறு இருக்கிறது என்று கால் சொல்லும் தண்ணீர். ஆற்றுக்குப் போனாலும் படியிலேயே உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன். சுனாமி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போகிற பெண். எங்கள் ஊர்வரை தண்ணீர் வரவில்லை, மனிதர்கள் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறினோம். அந்தப் பெண்கள் வலது கையால் சாப்பிட்டார்கள். இடது கை பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தது, தண்ணீர்க் குவளையை எடுக்கக்கூட விடவில்லை. கடல் என்று யாராவது சொன்னால் எனக்கு அலை நினைவுக்கு வராது, அந்த இடது கைகள்தான் வரும்.

எங்கள் ஒரே மகளோ எனக்கு நேர் எதிர். விடுமுறைக்கு வந்த காலத்திலேயே அப்பா அவளுக்கு ஆற்றில் நீச்சல் பழக்கிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பெண், மதகுச் சுவரில் ஏறி நின்று தலைகீழாகக் குதிப்பாள். முங்கினால் வரமாட்டாள். நான் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது எங்கோ தள்ளித் தலையை நீட்டிச் சிரிப்பாள். இந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு சாமி என்று நான் வேண்டாத கோயில் இல்லை. படகு வந்தால் முக்குளிக்கவும் கற்றுத்தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அந்தப் படகு முழுவதும் இவள் ஒருத்திதான் தெரிந்தாள். இவளைக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டுக் காலியாகத் திரும்பும் படகு.

படகு தேடும் படலம் மாதக்கணக்கில் நடந்தது. இவருடைய ஆசைக்கு அளவே இல்லை. மீன் பிடிக்க வேண்டும், கடல் தெளியும் மாதங்களில் முக்குளிக்க வேண்டும், சொந்தபந்தம் வந்தால் ஏற்றிக்கொண்டு உல்லாசமாகச் சுற்றவும் வேண்டும், எல்லாம் ஒரே படகில். கொழுந்தனார் சட்டென்று கட்சி மாறியது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டு டிராக்டர் அவர் கையில். அதே வண்டியில் கலப்பையை மாட்டினால் உழவு, பெட்டியை மாட்டினால் மூட்டை, கல்யாணம் என்றால் ஆட்கள். அந்த மாதிரி ஒரு படகு என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணனைவிடத் தம்பிக்குத்தான் அவசரம்.

நாகப்பட்டினத்துக்கு நான்கு பேருமாகப் போவோம். முதலில் பார்த்தது மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகு. நீளமானது, உறுதியானது, ஆனால் உட்கார இடமில்லை. தண்ணீரில் இறங்கியவன் ஏறுவதற்கும் வழியில்லை. அடுத்தது கூரையும் மெத்தை இருக்கைகளும் வைத்து அலங்காரமாக இருந்தது. அடிப்பாகம் தட்டை, உப்பங்கழிக்குச் சரி, கடல் அலையில் வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்றார் இவர். மூன்றாவது, ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு விற்கிற படகு. கூர்மையான அடி, நடுவில் வெயிலுக்கு ஒரு கூரை, தூண்டில் செருகத் துளைகள், உருளைகளைக் கட்டிவைக்கத் தடுப்பு, பின்னால் மடக்கி வைக்கும் இரும்பு ஏணி. கொழுந்தனார் எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று விசாரித்தார். டயரை உதைத்துப் பார்க்கும் பழக்கத்தில் படகின் பக்கவாட்டையும் ஒரு உதை விட்டார். தண்ணீரில் இறங்கவே வேண்டாம் என்கிறேன், இதில் ஏறுவதற்கு ஏணி வேறா என்று நான் முணுமுணுத்தேன். மகள் அந்த ஏணியை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

அந்த வருடம் சம்பா உழவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வாய்க்காலை ஒட்டிய பள்ளமான வயலில் டிராக்டரின் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டன. கொழுந்தனார் வேகத்தைக் கூட்டியதும் வண்டி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், சேற்றில் மூக்கைத் தூக்கிய டிராக்டர் அப்படியே பின்னால் மல்லாந்து ஓட்டுகிறவரை அமுக்கிவிடும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த நானும் ஓடினேன், வரப்பில் நின்ற இவரும் ஓடினார். முன்பக்கத்தில் தொங்கி எங்கள் கனத்தைப் போட்டு அழுத்தினோம். வண்டி இறங்கியது. உங்க கனம்தாண்ணி என்னைக் காப்பாத்துச்சு என்று கொழுந்தனார் அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தார்.

மூன்றாவது படகை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வரமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் மகள் போகிறாள். அவளை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பதைவிடக் கூடப் போய்ச் சாவதே மேல் என்று ஏறினேன். ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். மூச்சு முட்டியதால் கீழ்ப்பட்டையைக் கட்டவில்லை. இவர் சுக்கானைப் பிடித்தார், மகள் அவர் பக்கத்தில். படகுக்காரரும் கொழுந்தனாரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். ஆற்றுத் தண்ணீர் மண்ணிறமாக இருந்தவரை எனக்குத் தைரியம் இருந்தது. அது எங்கள் வயல்களில் வடிந்து வந்த தண்ணீர்தானே. முகத்துவாரத்தைத் தாண்டியதும் அந்த நிறம் கலைந்தது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

வேகம் காட்டுங்க என்று படகுக்காரர் சொல்ல, இவர் எஞ்சினை முடுக்கினார். படகு மூக்கைத் தூக்கியது. எனக்கு முன்னால் கடல் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது.

கொழுந்தனார் எழுந்து முன்னால் ஓடினார். நானும் ஓடினேன். யோசித்து ஓடவில்லை, கால்கள் தாமாகவே ஓடின. இரண்டு பேரும் முனையில் போய் விழுந்து எங்கள் கனத்தைப் போட்டோம். தூக்கிய மூக்கு இறங்கியது, எதிரே வந்த அலைக்குள்ளேயே இறங்கியது. முகத்தில் தண்ணீர் அறைந்தது. கொழுந்தனார் எதையோ பிடித்துக்கொண்டார். எனக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

தண்ணீருக்குள் இருந்த நேரத்தைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. கட்டாத சட்டை காதுவரை ஏறிக்கொண்டது, புடவை கால்களைச் சுற்றியது. கால் நீட்டித் தரையைத் தேடினேன். தரை இல்லை. தலை வெளியே வந்தபோது படகு தள்ளி நின்றது, எஞ்சின் சத்தம் இல்லை. அப்போதுதான் பார்த்தேன். என் மகள் விளிம்பில் ஏறி நிற்கிறாள். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன், உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது. அவள் குதித்துவிட்டாள். இத்தனை மாதம் நான் எதை நினைத்து நடுங்கினேனோ அது நடந்தது. அதுவும் என்னாலேயே.

அவள் என் சட்டையின் கழுத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டு, மல்லாந்து படும்மா, படு என்று அதட்டிக்கொண்டே படகை நோக்கி இழுத்தாள். அதற்குள் இவர் ஏணியை விரித்திருந்தார். நான் கேலி செய்த அதே ஏணி. அதன் கடைசிப் படியில் என் கால் பட்டபோது, வயலில் சேறு பட்டது போல உயிர் திரும்பியது.

"இது டிராக்டர் இல்லடா," என்று இவர் தம்பியிடம் சொன்னார். திட்டக்கூடத் தெம்பில்லாத குரல். "வேகம் புடிச்சா மூக்கு தானா எறங்கிடும். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

திரும்பும் வழியில் மகள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்துத் துண்டைப் போர்த்தினேன். நடுக்கம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

படகு வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு என் மகள் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டாள். அப்பா கூப்பிட்டால் தலைவலி என்பாள், படிக்க வேண்டும் என்பாள். ஒருநாள் பாலத்தில் நடந்தபோது மற்ற பிள்ளைகள் மதகிலிருந்து குதிப்பதைப் பார்த்தவள், கைப்பிடிச் சுவரை விட்டு விலகி என் பக்கம் ஒதுங்கினாள். ராத்திரி கண்ணை மூடினா நீ உள்ள போறதுதாம்மா தெரியுது என்றாள். இந்தப் பிள்ளைக்குப் பயத்தைக் கொடு என்று எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன். சாமிகள் கொடுத்துவிட்டார்கள். அதை அவள் முகத்தில் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய பழைய சுடிதார் ஒன்றைப் பிதுங்கப் பிதுங்க மாட்டிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். இவர் பின்னாலேயே வந்து கரையில் நின்றார். நான் எப்போதும் உட்காரும் படியில் உட்காரவில்லை. அடுத்த படியில் இறங்கினேன். முழங்கால். அதற்கடுத்ததில் இடுப்பு. பல் கிட்டித்தது. மகள் மேல் படியிலேயே நின்றாள்.

"போதும்மா, ஏறி வா. நீ முங்கிடுவ."

"முங்காம இருக்கத்தான் கத்துக்கப் போறேன். நீ வந்து சொல்லிக்குடு."

அவள் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். நான் கரைப் பக்கம் திரும்பி, அந்த ஏணி வச்ச படகை வித்துட்டாங்களான்னு கேளுங்க என்று இவரிடம் சொன்னேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பின்னால் தண்ணீர் சலசலத்தது. அவள் இறங்கிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தரையத் தேடாதம்மா," என்றாள். "கால எடு."

நான் காலை எடுத்தேன்.