எட்டி நிற்கச் சொன்ன அட்டை

என் தம்பி பெரம்பலூரில் மக்காச்சோள மூட்டை தூக்குகிறவன். லாரியில் அடுக்கிய மூட்டை சரிந்து விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றதும், சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. கட்டை அவிழ்த்தால் சீழ். ஊசியை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். காய்ச்சல் போவேனா என்றது. "எந்த மருந்துக்கும் கேக்கலேன்னா முழங்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரலாம்மா" என்றார் டாக்டரம்மா. மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். ஒருத்தன் படுத்துவிட்டால், பார்க்கப் போகாதவன் பகையாளி. போனவன் சும்மா பார்த்துவிட்டு வரவும் கூடாது. கையைப் பிடிக்க வேண்டும், நெற்றியைத் தடவ வேண்டும். எங்கள் அப்பாவோடு பிறந்த அத்தை இதில் எல்லாரையும் மிஞ்சியவள். வாலிகண்டபுரம் பக்கத்து ஊரிலிருந்து மினி லாரி நிறையச் சனத்தைக் கூட்டி வந்துவிடுவாள். போர்வையை விலக்கிக் கட்டைத் தொட்டுப் பார்த்து, திருநீறு பூசி, கையோடு பக்கத்துக் கட்டில்காரரையும் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவ்வளவும் பாசம்தான்.

அன்றைக்கு அவர்கள் வந்தபோது தம்பியைத் தனி அறைக்கு மாற்றியிருந்தார்கள். கதவில் ஓர் அட்டை: 'தொடக் கூடாது. எட்டி நிற்கவும்.' நர்ஸ்கூட உறை மாட்டிய கையோடுதான் உள்ளே போனாள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். அவ்வளவுதான், நர்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"டீக்கடையில எட்டி நின்னோம். கோயில்ல எட்டி நின்னோம். ஒடம்பு முடியாம இங்க வந்தாலும் எட்டி நிக்கணுமா? நாங்க தொட்டா என்னடி ஒட்டிக்கும்?"

எனக்கும் ரத்தம் கொதித்தது. அத்தை பேசியது பாதி என்றால் நான் பேசியது மீதி. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எட்டி நில் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த சனம் நாங்கள். யார் எழுதினாலும் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

டாக்டரம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். அவரோ, "ரெண்டு பேரும் என்கூட வாங்கம்மா" என்று லேபுக்கு அழைத்துப் போனார்.

மூடி போட்ட வட்டத் தட்டு ஒன்றைக் காட்டினார். உள்ளே உறைந்த கூழ். அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு வெள்ளைக் காகிதங்கள். ஒவ்வொரு பொட்டும் ஒரு மருந்தாம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றித் தெளிவாக இருக்குமாம். தம்பியின் புண்ணில் எடுத்த கிருமியோ, களைக்கொல்லி அடித்த பிறகும் முளைக்கிற கோரை மாதிரி ஒவ்வொரு பொட்டின் ஓரம் வரைக்கும் மண்டிக் கிடந்தது. அடேயப்பா! கண் இல்லை, வாய் இல்லை, மூளை இல்லை. உலகத்துப் படிப்பாளிகள் எல்லாம் சேர்ந்து கண்டுபிடித்த மருந்துக்கு நடுவே அது பாட்டுக்குக் குடித்தனம் நடத்துகிறது!

"உலகம் பூரா ஆஸ்பத்திரிகள்ல இது இருக்கும்மா. ஒவ்வொரு மருந்தையும் சமாளிக்கப் பழகிக்கிச்சு" என்றார். ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் தெளிவாக இருந்தது. "இது ஒண்ணுதான் பாக்கி. கிட்னியக் கவனிச்சுக் கவனிச்சுத்தான் குடுக்கணும்."

அடுத்து இன்னொரு தட்டைத் திறக்காமல் நீட்டினார். அதில் ஐந்து விரல் பதிந்த தடம். ஐந்திலும் கிருமி பூத்திருந்தது.

"இது யார் கைங்க?" என்றேன்.

"என் கை. அவர இந்த ரூமுக்கு மாத்தறதுக்கு முந்தி, தொட்டுப் பாத்துட்டு, கழுவாம இந்தத் தட்டுல கைய வச்சுப் பாத்தேன். அதே கிருமி." தட்டை மேசைமேல் வைத்தார். "இது உங்க வீட்டுலேர்ந்து வரலம்மா. எங்க கை வழியாத்தான் அவருக்குப் போயிருக்கணும். அது உங்க கையில ஒட்டி, அடுத்த கட்டிலுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் அந்த அட்டை."

கிருமியைப் பார்த்து மலைத்தது போய், இப்போது அவரைப் பார்த்து மலைத்தேன். குற்றம் தங்கள் கையில்தான் என்று இத்தனை படித்த ஒருவர் எங்களிடம் வந்து சொல்லுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஊர் வாயையே அடைக்கிற அத்தை, அந்த ஐந்து விரல் தடத்தையே குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "அத அட்டையில எழுதியிருக்கலாம்ல தாயி" என்றாள்.

"எழுதியிருக்கணும்மா" என்றார் டாக்டரம்மா.

அந்த ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. சனம் வருவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று, "டேய், சாப்டியாடா?" என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். வாட்ச்மேன் விரட்டி விரட்டி ஓய்ந்துபோனார். மெல்லக் காய்ச்சல் இறங்கியது. சீழ் வற்றியது. புண்ணில் புதுச்சதை சிவப்பாக ஏறியது.

வீட்டுக்கு அனுப்பும் காலையில் டாக்டரம்மா, "இனி கால எடுக்க வேண்டியதில்ல. கையக் கழுவிட்டுத் தொடுங்க" என்றார். அத்தை குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஈரக் கையோடு வந்து தம்பியின் முழங்காலில் தொடங்கி, கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று தடவிக்கொண்டே போனாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். "இருக்குடா... கால் இருக்குடா" என்று ஓவென்று அழுதாள்.

தம்பி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "விடு அத்தே, கூசுது" என்றான்.