தாதி சொன்ன ஒரு சொல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ரப்பர் தோட்டத்தை விட்டு கிளேபாங்கில் மகன் வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில் நடந்தது இது. பால்மரம் வெட்டின காலத்தில் விடிகாலைக் குளிருக்கு வாயில் புகையிலை அடக்கிப் பழகினேன். மரம் வெட்டுவதை விட்டும் புகையிலையை விடவில்லை.

விடப் பார்க்காமல் இல்லை. ஞாயிறுதோறும் சபையில் முழங்கால் போட்டு அழுதிருக்கிறேன். ஒரு தடவை டப்பாவோடு தூக்கி கோழிக்கூட்டுக்குப் பின்னால் வீசினேன். மறுநாள் காலையில் கோழிகளை விரட்டிவிட்டுத் தேடினதும் நான்தான்.

அந்த வருஷம் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு புண் வந்தது. மருமகள் கிளினிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு மாதம் புகையிலை வாயில் படக்கூடாது, அப்படியும் ஆறாவிட்டால் சதையை வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, முகக்கவசம் போட்ட ஒரு மலாய்க்காரத் தாதி என் முதுகைத் தட்டி, அத்தை என்று மலாயில் கூப்பிட்டுச் சொன்னாள்:

"துஹான், மக்சிக். துஹான்."

கடவுளைக் கூப்பிடச் சொல்கிறாள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாக ஜெபம் பண்ணுகிறேன், புகையிலையோ நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறது. இனிமேல் அது கூப்பிடும்போதெல்லாம் நானும் அவரைக் கூப்பிடுவது என்று முடிவு பண்ணினேன்.

கூப்பிட்டேன். சமைக்கும்போது, குளிக்கும்போது, எல்லா நேரமும். ஒரு நாள் பசாரில் மீன் கடை முன்னால் புகையிலைக்கு நாக்கு ஊறியது. "துஹான்" என்று நெஞ்சில் கைவைத்துக் கத்திவிட்டேன். விலையைக் கேட்டுத்தான் கத்துகிறேன் என்று மீன்காரர் பயந்துபோய் விலையைக் குறைத்தார்.

ஒரு மாதம் வாயில் புகையிலை படவில்லை. சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆண்டவர் ஒரு மலாய்க்காரப் பெண் வாயாலும் பேசுவார் என்று பாஸ்டர் அதை வைத்தே பிரசங்கமும் பண்ணிவிட்டார்.

இரண்டாவது மாதம் கிளினிக்குப் போனோம். புண் ஆறியிருந்தது, வெட்ட வேண்டாம் என்றார்கள். தாதியைத் தேடிப்பிடித்து, நீ துஹானைக் கூப்பிடச் சொன்னதால் பிழைத்தேன் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விழித்தாள். அவள் சொன்னது துஹான் இல்லையாம். தாஹான். பொறுத்துக்கொள், தாக்குப்பிடி என்று சொன்னாளாம்.

மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காது கேக்கலன்னு நீங்க வந்த நாள்லேருந்து சொல்றேன் அத்தை. நாங்கதான் முணுமுணுக்கிறோம்னு திட்டுவீங்க. இப்ப மலாய்லயும் கேக்கல லா."

சபையில் சாட்சி சொல்லிவிட்டேனே என்று காரில் புலம்பினேன். சபையில் யாருக்குத் தெரியப்போகிறது, விடுங்கள் என்றாள் அவள். ஆனால் ஆண்டவர் வீட்டில் நின்று நடக்காததைச் சொல்லியிருக்கிறேனே. புகையிலையை விட்டதைவிட, எனக்குக் காது கேட்காது என்று நாலு பேர் முன்னால் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அதற்கும் சேர்த்து அவரைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து சொல்லிவிட்டேன். சபை அமைதியாக இருந்தது போலத் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் எல்லார் தோளும் குலுங்குகிறது. சிரிக்கிறார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"காது எனக்குத்தான் மந்தம். ஆண்டவருக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இப்போது காதில் மிஷின் மாட்டியிருக்கிறேன். இருந்தாலும் சபையில் எல்லாரும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்கள். பேசட்டும். அன்றைக்கு அந்தப் பெண் சொன்னது சரியாகக் காதில் விழுந்திருந்தால், என் பலத்தை நம்பி ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, மறுபடியும் கோழிகளை விரட்டப் போயிருப்பேன்.